யந்திரம் வந்தது, பயின்ற கை எங்கே?

ஜில்லா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு திறக்கப்படுகிறது என்றால் வாசலில் வாழைமரம் கட்டுகிறார்கள். மந்திரி வந்து ரிப்பன் வெட்டுகிறார். யந்திரத்தின் விலை என்ன, எந்த நாட்டிலிருந்து வந்தது, நாளொன்றுக்கு எத்தனை பேருக்குப் பயன்படும் என்ற விவரமெல்லாம் மறுநாள் பத்திரிகையில் படத்துடன் வந்துவிடுகிறது. வரட்டும். சிறுநீரகம் பழுதுபட்ட ஏழை வீட்டுக்குப் போய்ச் சாக வேண்டியதுதான் என்றிருந்த காலம் கொஞ்சங்கொஞ்சமாக மாறுகிறது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் படத்தில் மந்திரிக்குப் பின்னால், சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறாரே ஒரு நர்சு, அவர் யார்? நாளைக் காலையில் அந்த யந்திரத்தோடு நோயாளியின் உயிரைப் பிணைக்கப் போகிறவர் அவர்தான். அவருக்கு அந்த வேலையை யார் கற்றுக் கொடுத்தார்கள்? எத்தனை நாள் கற்றுக் கொடுத்தார்கள்? அடுத்த வருஷமும் அவர் அதே இடத்தில் இருப்பாரா?

மந்திரியும் சொல்லவில்லை, பத்திரிகைகளும் எழுதவில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வோம். டயாலிசிஸ் என்பதே யந்திரம் செய்கிற வேலை என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் துணி துவைத்துத் தரும் யந்திரத்தைப் போல, ஒரு பக்கம் அழுக்கு இரத்தம் போகும், மறுபக்கம் சுத்த இரத்தம் வரும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். உண்மை அதுவல்ல. மனிதனுக்கு நடைமுறையில் பயன்படக் கூடிய செயற்கைச் சிறுநீரகத்தை முதன்முதலில் செய்தவர் ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப். ஆண்டு 1943. ஹிட்லரின் பட்டாளம் அந்த நாட்டைப் பிடித்துவைத்திருந்த நேரம். கம்பன் என்ற சிறு பட்டணத்து ஆஸ்பத்திரியில், இறைச்சிக் கடையில் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதைத் தொட்டியில் சுழலவிட்டு அவர் அந்த யந்திரத்தைச் செய்தார். 1944-ல் அதைப் பற்றி உலகுக்கு அறிவித்த கட்டுரையில், உடன் உழைத்தவர்களின் பெயர்களில் ஒரு நர்சின் பெயரும் இருக்கிறது: தெர் வெல்லே. முதல் யந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு நர்சு இருந்தார். அவரை மறைக்காமல் பெயரும் போட்டார்கள். எண்பது வருஷம் கழித்து நாம் திறக்கும் யந்திரங்களுக்குக் கல்வெட்டில் யார் யார் பெயரெல்லாமோ இருக்கிறது. நர்சின் பெயர் இருக்கிறதா என்று வாசகர்கள் அடுத்த முறை போகும்போது பார்க்கட்டும்.

வேலை என்னவென்று சொல்கிறோம். பெரும்பாலான நோயாளிகளுக்கு முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சிறு ஆபரேஷன் செய்து இணைத்துவிடுகிறார்கள். இதற்குப் பிஸ்டுலா என்று பெயர். 1966-ல் நியூயார்க்கில் பிரெஸ்கியா, சிமினோ என்ற டாக்டர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் வெளியிட்ட முறை இது. (இந்தச் சிமினோ மாணவராக இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். நாளம் எப்படிப் புடைக்கும், ஊசி எப்படி இறங்கும் என்பது கைப்பழக்கத்தில் தெரிந்தவருக்குத்தான் இந்த யோசனை தோன்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.) இணைத்த சிரைக்குள் தமனியின் வேகத்தோடு இரத்தம் பாய, சில வாரங்களில் அது தடித்துப் பெருக்கிறது. அதில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக இரத்தம் யந்திரத்துக்குப் போகிறது. மற்றொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. தடுப்பூசி போடும் ஊசி போன்றதல்ல இது. கோணி தைக்கும் ஊசியை நினைவுபடுத்தும் பருமன். வாரத்துக்கு மூன்று முறை என்றால் வருஷத்துக்கு முன்னூறுக்கு மேற்பட்ட ஊசிகள் ஒரே கையில்.

இந்த ஊசியை எங்கே, எந்தக் கோணத்தில் இறக்குவது என்பதுதான் டயாலிசிஸ் நர்சின் முதல் வித்தை. விரலை வைத்தால் பிஸ்டுலாவின் மேல் பூனை உறுமுவது போன்ற ஓர் அதிர்வு தெரிய வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் காற்று இரைவது போல ஓசை கேட்க வேண்டும். அதிர்வு குறைந்திருந்தால், ஓசை கிறீச்சென்று மாறியிருந்தால், உள்ளே எங்கோ அடைப்பு விழுகிறது என்று பொருள். அன்றைக்கே டாக்டரிடம் சொன்னால் கை பிழைக்கும். அடுத்த வாரம் சொன்னால் பிஸ்டுலா போய்விடும். அனுபவமில்லாதவர் வலி குறைவான ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவார். அந்த இடம் மெலிந்து, பலூன் போலப் புடைத்துக்கொள்ளும். பயின்றவர் ஏணிப்படி ஏறுவது போல நாளத்தின் நீளத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே போவார். ஊசி நாளத்தின் மறுசுவரைத் துளைத்துவிட்டால், இரத்தம் சதைக்குள் பரவிக் கை முழுதும் கறுத்து வீங்கும். அன்று டயாலிசிஸ் கிடையாது. பிஸ்டுலா கெட்டுவிட்டால் கழுத்தில் குழாய் போட வேண்டும். கழுத்துக் குழாய் என்றால் கிருமி இரத்தத்துக்குள் நுழைய நேர்வழி. ஒரு நர்சின் விரல்நுனிப் பழக்கத்துக்கும் ஒரு நோயாளியின் ஆயுளுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தைப் புத்தகத்தில் படித்துப் பெற முடியுமா? பாட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்க நர்சுப் பேராசிரியை 1984-ல் எழுதிய நூல் ஒன்று உலகெங்கும் நர்சுக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. புதியவராக வருகிற நர்சு ஐந்து படிகளைக் கடந்துதான் தேர்ந்தவர் ஆகிறார் என்பது அந்த நூலின் சாரம். முதல் படியில் இருப்பவர் விதியைப் பார்த்து வேலை செய்வார்; கடைசிப் படியில் இருப்பவர் நோயாளியைப் பார்த்து வேலை செய்வார். டயாலிசிஸ் அறையில் இதைக் கண்ணாரக் காணலாம். இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று யந்திரம் கத்திய பிறகு ஓடுகிறவர் புதியவர். பேசிக்கொண்டிருந்த பெரியவர் திடீரென்று பேச்சை நிறுத்திக் கொட்டாவி விட்டதைப் பார்த்து, யந்திரம் கத்துவதற்கு முன்பே எழுந்து போகிறவர் பழகியவர். இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்வதற்கு இடையில் உடம்பில் ஏறிய நீரை நான்கு மணி நேரத்தில் இழுத்துவிட வேண்டும். அதிகமாக இழுத்தால் மயக்கம், கால் நரம்புப் பிடிப்பு. குறைவாக இழுத்தால் இரவில் மூச்சுத் திணறல். எடைத் தட்டில் காட்டும் எண் ஒன்று. கணுக்கால் வீக்கமும் கழுத்து நரம்பும் சொல்லும் சேதி வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பி வரும் ஊசி கழன்றுவிட்டால் என்ன ஆகும்? நிமிஷத்துக்கு 300 மில்லிலிட்டர் வேகத்தில் பம்பு ஓடுகிறது. மூன்று நிமிஷத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் இரத்தம் படுக்கையில். மனிதனிடம் இருப்பதோ ஐந்து லிட்டர் அளவு. யந்திரத்தின் மணி எல்லா நேரமும் அடிக்கும் என்று சொல்ல முடியாது; ஊசி விலகியும் மணி அடிக்காமல் போவது உண்டு. குளிருகிறது என்று நோயாளி போர்வையை இழுத்துக் கையை மூடிக்கொள்கிறார். "ஐயா, உடம்பெல்லாம் மூடிக்கொள்ளுங்கள், அந்தக் கையை மட்டும் என் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்" என்று சொல்லி விலக்கி வைக்கிற நர்சு ஓர் உயிரைக் காக்கிறார். ஒரே நர்சுக்கு எட்டு, பத்து யந்திரங்கள் என்று ஒப்படைத்துவிட்டு எந்தக் கையை அவர் பார்ப்பார்?

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் என்றால், ஒரு முறைக்கு 120 லிட்டர் நீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் நோயாளியின் இரத்தத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. நாம் குடிக்கும் நீரைக் குடலும் கல்லீரலும் பரிசோதித்து அனுப்புகின்றன. இந்த நீருக்கு அந்தக் காவல் கிடையாது. 1996-ல் பிரேசில் நாட்டில் கருவாரு என்ற ஊரில், பாசியின் நஞ்சு கலந்த ஏரித் தண்ணீர் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனது. 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் கல்லீரல் அழிந்து மாண்டார்கள். நமது நகரங்களில் லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் மாறி மாறி வருகின்றன. குளோரின் தங்கியிருந்தால் இரத்த அணுக்கள் உடைந்துபோகும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் தண்ணீரைச் சோதித்து ஏட்டில் எழுத வேண்டும். "இன்று தண்ணீர் சரியில்லை, யந்திரத்தை ஓட்ட மாட்டேன்" என்று சொல்லும் அறிவும் வேண்டும். சொல்லும் துணிவும் வேண்டும். அறிவைப் பயிற்சி தரும். துணிவை எது தரும்? வேலை நிரந்தரம் என்ற உறுதிதான் தரும். நாளைக்கே வரவேண்டாம் என்று அனுப்பிவிடக் கூடிய ஒப்பந்த நர்சு மேலதிகாரியிடம் எப்படி மறுத்துப் பேசுவார்?

நாம் சொல்ல வந்த விஷயத்தின் கழுத்து இங்கேதான் இருக்கிறது.

2016 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டைச் சமர்ப்பித்த நிதி மந்திரி அருண் ஜெட்லி, தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். வருஷந்தோறும் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலைக்கு வருகிறார்கள், அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது, நாட்டிலுள்ள சுமார் 4,950 நிலையங்கள் பெரும்பாலும் தனியாரிடமும் பெரிய பட்டணங்களிலுமே இருக்கின்றன, தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது என்று அவரே கணக்குச் சொன்னார். ஜில்லா ஆஸ்பத்திரிகளில் எல்லாம் டயாலிசிஸ் என்பது திட்டம். எப்படி? தனியாருடன் கூட்டு. யந்திரத்தின் சில பாகங்களுக்குச் சுங்க வரிச் சலுகையும் அதே உரையில் அறிவிக்கப்பட்டது. பாகங்களுக்குச் சலுகை கொடுக்கத் தோன்றிய டெல்லிக்கு, ஊசி குத்தும் கையைப் பயிற்றுவிக்க ஒரு வரி எழுதத் தோன்றவில்லை!

கூட்டு என்றால் என்ன நடக்கிறது? இடமும் தண்ணீரும் மின்சாரமும் சர்க்காருடையவை. ஆட்களை அமர்த்துவது கம்பெனி. ஒரு டயாலிசிஸுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் பெறுகிற கம்பெனிக்கு, செலவைக் குறைக்க மிகச் சுலபமான இடம் எது? யந்திரத்தின் விலையைக் குறைக்க முடியாது. மருந்தின் விலையையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. ஆள் கூலியைக் குறைக்கலாம். பயிற்சி நாட்களைக் குறைக்கலாம். லாபக் கணக்கு என்றால் அது இப்படித்தான் போகும். இதில் தனிப்பட்ட எந்த முதலாளியின் குணத்தையும் நாம் குறை சொல்லவில்லை.

சர்க்கார் தானே நேரடியாக நர்சுகளை எடுத்த இடத்திலாவது நிலைமை உயர்ந்திருந்ததா? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் பரீட்சை எழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாமல் போனபோது, 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவும் பகலும் உட்கார்ந்து போராடினார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. பிறகு ஊதியம் கூடியது. அது போராட்டம் பெற்றுத் தந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளின் கதையும் தெரிந்ததே. 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவின்பேரில் அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்கும் குறைவான சிறு ஆஸ்பத்திரியில்கூட நர்சின் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டால் சர்க்கார் நர்சுக்குச் சமமாகத் தர வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. கேரளத்தில் நர்சுகள் போராடினார்கள். 2018-ல் அந்த ராஜ்ய சர்க்கார் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவித்தது. சிபாரிசு வேறு, சட்டம் வேறு என்று மற்ற இடங்களில் முதலாளிகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சம்பளத்தையும் பயிற்சியையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள் என்று சிலர் கேட்கக் கூடும். பிரிக்க முடியாது என்பதால்தான். ஊசி பிடிக்கக் கை பழகி, தண்ணீர் சோதிக்கக் கண் பழகி, நோயாளிகள் ஒவ்வொருவரின் பிஸ்டுலாவும் மனப்பாடமான நேரத்தில் அந்த நர்சு என்ன செய்கிறார்? பாஸ்போர்ட் வாங்குகிறார். வளைகுடா நாட்டிலும் இங்கிலாந்திலும் டயாலிசிஸ் தெரிந்த நர்சுக்கு வரவேற்பு இருக்கிறது. அவரை நாம் குறை கூற மாட்டோம். வீட்டில் கடன் இருக்கிறது, தங்கைக்குக் கல்யாணம் இருக்கிறது. போகாமல் இருப்பவரையோ வார்டு மாற்றிவிடுகிறார்கள். டயாலிசிஸில் தேறியவர் பிரசவ வார்டுக்கு. பிரசவ வார்டில் இருந்தவர் டயாலிசிஸுக்கு. சுழற்சி முறை என்று இதற்குப் பெயர்! காவல் நிலையத்தில் ரைட்டரை மாற்றுவது போல நர்சை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலை கொடுப்பது நோயாளியின் கை.

டெக்னீஷியன்கள் இருக்கிறார்களே, நர்சு எதற்கு என்று கேட்கும் அதிகாரிகளும் உண்டு. டெக்னீஷியன்களுடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசத் தயாராக இல்லை. பல ஆஸ்பத்திரிகளில் ஊசி குத்துவதே அவர்கள்தான். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலினர் சட்டத்தில் அவர்களுடைய தொழிலுக்கும் இடம் கிடைத்திருக்கிறது; அது அவர்களுடைய உரிமை. ஆனால் யந்திரத்தை அறிந்தவர் ஒருவர், நோயாளியின் சர்க்கரை, இதயம், புண், மருந்து, மனக்கலக்கம் எல்லாவற்றையும் சேர்த்து அறிந்தவர் ஒருவர், இருவரும் வேண்டும். 1969-ல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நர்சுகளும் டெக்னீஷியன்களும் ஒரே சங்கமாகச் சேர்ந்துதான் முதலில் அமைப்புக் கண்டார்கள். இங்கே இருவரையும் மோதவிட்டு, இருவரையும் ஒப்பந்தத்தில் வைத்திருப்பது யாருக்கு லாபம் என்று இரு தரப்புத் தோழர்களும் யோசிக்க வேண்டும்.

நமது ராஜ்யத்தில் நடந்திருக்கும் ஒரு நல்ல காரியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு வேண்டிய திரவப் பைகளைக் கொடுக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. இந்த முறையில் ஊசி கிடையாது, பெரிய யந்திரம் கிடையாது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் அளவு திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு, புதிதாக விட வேண்டும். வழக்கமாக நாளுக்கு நான்கு முறை. கிராமத்துக்காரர் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் பட்டணம் போய்க் கூலியை இழக்க வேண்டியதில்லை. அருமையான முறைதான்.

ஆனால் இதில் நர்சு வெறும் நர்சு அல்ல, ஆசிரியை. நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் மகளுக்கும் அவர் பாடம் நடத்த வேண்டும். பையை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், வாயையும் மூக்கையும் மூட வேண்டும், கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும், குழாயின் நுனி எதிலும் பட்டுவிடக் கூடாது. வடிந்த திரவம் தெளிவாக இல்லாமல் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தால் வயிற்றில் கிருமி புகுந்துவிட்டது, அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஓர் அறையே வீடாக, அதிலேயே அடுப்பும் ஆட்டுக்குட்டியும் இருக்கிற குடும்பத்துக்கு இதை எப்படிச் சொல்வது? வீட்டைப் போய்ப் பார்த்தவருக்குத்தான் சொல்லத் தெரியும். இளநீர் குடிக்காதே, வாழைப்பழம் வேண்டாம் என்று யந்திர டயாலிசிஸ் நோயாளியிடம் அச்சிட்ட தாளை நீட்டுவது சுலபம். அவற்றிலுள்ள பொட்டாசியம் சிறுநீரகம் இல்லாத உடம்பில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடும் என்று பயமுறுத்தாமல் புரியவைப்பதும், பொங்கலன்று ஒரு கரும்புத் துண்டுக்காக அழுகிற கிழவரைச் சமாளிப்பதும் வேறு வித்தை. இதற்கும் பயிற்சி உண்டு, பயிற்றுவிக்கவும் முடியும். பைகளை அனுப்ப வாகனம் ஏற்பாடு செய்த சர்க்கார், பாடம் சொல்லிக்கொடுக்கும் நர்சுகளையும் தாலுகாவுக்குத் தாலுகா உண்டாக்க வேண்டாமா?

நாம் கேட்பது ஆகாயக் கோட்டை அல்ல. சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் சிறுநீரகப் பிரிவு இருக்கிற இடங்களிலெல்லாம் ஒரு பயிற்சிக் கூடம். ஜில்லா, தாலுகா ஆஸ்பத்திரி நர்சுகளை முழுச் சம்பளத்தோடு அங்கே அனுப்புவது. அவர்கள் போன இடத்துக்கு மாற்று ஆள் போடுவது. சில வாரம் பாடம் கேட்டதும் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், மாதக்கணக்கில் மூத்த நர்சின் கண்காணிப்பில் வேலை செய்யவிட்ட பிறகே தனியாக யந்திரத்தை ஒப்படைப்பது. தேறியவரை அவர் சம்மதமில்லாமல் வேறு வார்டுக்கு மாற்றாமல் இருப்பது. கற்றுக்கொடுக்கும் மூத்த நர்சுக்கு அதற்கென்று தனிப் பதவியும் படியும். இப்போது அவர் கற்றுக்கொடுப்பதெல்லாம் தன் சாப்பாட்டு நேரத்தில்! கைநூல் தமிழில் இருக்க வேண்டும். யந்திரத்தின் திரையில் வரும் எச்சரிக்கை இங்கிலீஷில் இருக்கலாம், அதன் பொருள் இரவு இரண்டு மணிக்கு உடனே விளங்க வேண்டும். மஞ்சள்காமாலைக் கிருமி இரத்தத்தின் வழியே பரவுகிற இடம் இது என்பதால், முதல் நாள் வேலைக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி. தனியார் கம்பெனியோடு செய்யும் ஒப்பந்தத்தில், எத்தனை நோயாளிக்கு எத்தனை பயின்ற நர்சு என்பது எழுதப்பட வேண்டும். மீறினால் பணம் நிறுத்தப்பட வேண்டும்.

செலவாகும் என்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், யந்திரங்கள் சில, நோயாளிகள் பலர் என்றிருந்தபோது, யாருக்கு டயாலிசிஸ் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட கமிட்டி ஒன்றை வைத்தார்கள். ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், ஒரு பாங்க்காரர், ஒரு குடும்பப் பெண், ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சர்ஜன். மனிதனுடைய சொத்து, படிப்பு, சமூகத்துக்கு அவனால் என்ன பயன் என்பதையெல்லாம் பார்த்து உயிருக்கு மார்க்குப் போட்டார்கள். உலகம் அதைப் படித்துத் திடுக்கிட்டது. 1972-ல் அந்த நாட்டுப் பார்லிமென்டே டயாலிசிஸுக்குப் பொதுப் பணம் தரச் சட்டம் செய்தது. இன்று நமது ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒரு கமிட்டி கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்ந்திருக்கிறது. ஏழைக்கும் படுக்கை கிடைக்கிறது. ஆனால் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் பத்து வருஷம் பழகிய கை நிற்கிறதா, போன வாரம் வந்த கை நிற்கிறதா என்பது இன்றும் நோயாளியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது, எத்தனை யந்திரங்கள் வாங்கினோம் என்ற கணக்கை மந்திரி வாசிப்பார், மேஜைகள் தட்டப்படும். அவற்றை ஓட்டுகிற நர்சுகள் எத்தனை பேர், அவர்களில் முறையான பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், அந்தப் பயிற்சி பெற்றவர்களில் நிரந்தர ஊழியர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் ஜில்லாவாரியாகக் கேட்கும்படி நமது உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.